பொம்மல் என்னும் உரிச்சொல்

புதுச்சேரிக்கு வடபால், கடற்கரையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் அமைந்தது பொம்மையார்பாளையம். பொம்மபுர ஆதீனத்தாலும், சிவஞான பாலைய தேசிகரைக் குருவாகக் கொண்ட துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகளாலும் இவ்வூர் தமிழ் பயில்வார்க்கு அயலன்று. சங்கச் செய்யுளில் பயிற்சியுடையார் இப்பெயரைக் கேட்ட அளவில் ‘பொம்மல் ஓதி’ என்னும் தொடரை நினைத்தல் இயல்பு. பொம்மல் என்றால் பொலிவு; ஆகலின் பொம்மபுரம் பொலிவுடைய ஊர் என்று பொருள் உரைத்தலும் எளிது. அத்துணை எளிதாக வருவதனாலேயே அவ்வுரை ஐயத்திற்கு உரியதாகின்றது. ஊர்ப்பெயரில் நிற்கும் சொல் யாது என்பது ஒரு வினா. பொம்மல் என்னும் பழஞ்சொல்லுக்குப் பொலிவு என்பதுதானா பொருள் என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விடை சுருங்கியது. பின்னதே விரிந்த ஆராய்ச்சியை வேண்டுவது.

பொம்மையார் என்பதன் ஈற்றில் உள்ள ‘ஆர்’ உயர்வுப் பன்மை விகுதி. அது மக்கட்பெயரையும் தெய்வப்பெயரையும் சாருமேயன்றிப் பண்பு உணர்த்தும் சொல்லைச் சாராது. பாளையம் என்பதோ விசயநகர, நாயக்கர் காலங்களில் பெருகிய குடியிருப்புகளின் பெயரீறு. பெத்தநாயக்கன்பாளையம் போல ஆட்பெயரை முன்னர்க் கொண்டு நிற்றல் அதற்குப் பெருவழக்கு. இவற்றினும் வலிய சான்று ஒலியே. ஊரின் பெயரை மக்கள் சொல்லும்போது முதலெழுத்தை மெலித்து, பொம்மை என்னும் விளையாட்டுப் பொருளின் பெயரைச் சொல்லுமாறே சொல்லுகின்றனர். தமிழ்ச்சொல்லின் முதலில் நிற்கும் வல்லெழுத்து வல்லொலியாகவே ஒலிக்கும் என்பது நம் மொழியின் இயல்பு. எழுத்து ஒன்றாயிருத்தலால் கண்ணுக்குத் தோன்றாத இவ்வேறுபாடு செவிக்கு உடனே தோன்றும். பிரமன் என்னும் வடசொல் கன்னடத்தில் பம்ம, பொம்ம எனத் திரிந்து, பொம்மண்ணன், பொம்மரசன் என்றாங்கு ஆட்பெயர்களில் பயிலுதல் பலரும் அறிந்தது. வீரசைவ மடம் நிலைபெற்ற ஊர் ஒன்றில் கன்னட வழிப்பட்ட ஆட்பெயர் வழங்குதலில் வியப்பில்லை. சிவப்பிரகாசர்தாமே சாமரசர் கன்னடத்தில் இயற்றிய நூலைத் தழுவிப் பிரபுலிங்க லீலையைத் தமிழில் பாடியவர். எனவே ஊர்ப்பெயரை ஆட்பெயர் வழிப்பட்டதாகக் கொள்வதே பொருத்தம். இரா. பி. சேதுப்பிள்ளையவர்கள் ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலை 1946இல் வெளியிட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆயினும் ஒலியொப்புமை ஒன்றனையே பற்றி ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்லும் ஆர்வம் நம்மிடையே தணிந்தபாடில்லை.

ஊர்ப்பெயரை இவ்வாறு விலக்கியபின், சொல்லை அதன் செய்யுள் வழக்கினின்று காண்போம்.

தொல்காப்பியர் உரிச்சொல்லுக்கு இலக்கணம் கூறுமிடத்து, அது இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றன் வழியாகத் தோன்றும் என்பர். அனைவர்க்கும் விளங்கிய சொல்லை எடுத்துரைக்க வேண்டுவதில்லை, விளங்காதனவற்றையே விளங்கிய சொற்களால் உணர்த்துதல் வேண்டும் என்பதும் அவர் கொள்கை. அவ்வாறு அவர் பொருள் கூறிய சொற்களின் வரிசையில் பொம்மல் இல்லை. அவர் காலத்தில் இச்சொல் யாவர்க்கும் விளங்கியிருந்தமையால் விடப்பட்டது என்று கூற மனம் விழையும். ஆனால் தாம் கூறாதுவிட்ட உரிச்சொற்களும் உள என்று அவரே இயலின் இறுதியில் இடம் வைத்துச் செல்லுதலின், இல்லாமையைக் கொண்டு ஒன்றை நாட்டுதல் இயலாது. சொல் வழங்கிய இடங்களே நமக்குத் துணை.

அகத்திணைப் பாடல்களில் பொம்மல் பெரும்பாலும் ஓதிக்கு, அஃதாவது மகளிர் கூந்தலுக்கு, அடையாகவே வருகின்றது. உரைகள் இதனைப் ‘பொலிவு பெற்ற கூந்தல்’ என்னும் கருத்துப்பட விளக்கும். ‘பொலிவு’ என்ற சொல்லை இன்று கேட்பவர்க்கு ஒளியும் அழகுமே நினைவுக்கு வரும். ஆகலின் பொம்மல் ஓதி என்பதற்கு மின்னும் கூந்தல், அழகிய கூந்தல் என மாணவர் எழுதிச் செல்கின்றனர். பொருள் தவறு என்று சொல்லவும் முடியாமல், சரி என்று அமையவும் முடியாமல் நிற்கும் உரை இது.

மலைபடுகடாம் இவ்வுரையை நிறுத்தி வினவச் செய்கின்றது. செங்கண்மாத்து நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழியிலுள்ள மலைச்சீறூரார் விருந்தளிப்பர் என்று பெருங்கௌசிகனார் கூறுமிடத்தில், நெய்யில் வெந்த ஊனோடு ‘இறடிப் பொம்மல்’ பெறுவீர் என்கின்றார். இறடி என்பது தினை. செங்கண்மா இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என வழங்குகின்றது. கூந்தலுக்கு அடையாய் நின்ற சொல் ஈண்டுத் தினைச்சோற்றைக் குறிக்கின்றது. நிகண்டுகளும் சோற்றின் பெயர்களுள் ஒன்றாகப் பொம்மலை அடிசில், அமலை முதலியவற்றோடு சேர்த்து எண்ணும். ஒளியென்றோ அழகென்றோ பொருள்கொண்டால், கூந்தலும் தினைச்சோறும் ஒரு சொல்லுக்குள் அடங்குமாறு எங்ஙனம்? அன்றியும், அவ்விடத்து இறடிக்கு முன்னரே நிறத்தைக் குறிக்கும் ‘குரூஉ’ என்னும் அடை நிற்கின்றது. ‘குரு’ என்னும் உரிச்சொல் நிறப்பொருட்டு என்பது தொல்காப்பியத்தால் அறிந்ததே. கண்ணுக்குரிய பண்பை அச்சொல் கூறிவிட்ட பின்னர், பொம்மல் கூறவேண்டுவது வேறொன்று ஆதல் வேண்டும்.

தினை மிகச் சிறிய அரிசி. வெந்தபின் அது நீரை உண்டு பருத்து, ஒன்றோடொன்று செறிந்து, கலத்தினின்று மேலெழுந்து திரண்டு நிற்கும். அவ்வெழுச்சியே பொம்மல். நெருக்கிக் கட்டப்படாத கூந்தலும் அவ்வாறே இழையிழையாய் நில்லாமல் உள்ளே காற்றை வாங்கிக்கொண்டு மெத்தெனப் பருத்து எழுந்திருக்கும். கைவைத்தால் அழுந்தும், எடுத்தால் மீண்டும் எழும். இரண்டு இடத்தும் சொல் குறிப்பது ஒன்றே; மென்மையோடு கூடிய பூரிப்பு. பிற்காலச் செய்யுளில் மகளிர் மார்புக்கு இச்சொல் அடையானதும் இப்பொருளாற்றான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதுவும் பிற அகராதிகளும் இச்சொல்லுக்குப் பொலிவு, மிகுதி, பூரிப்பு, சோறு எனப் பொருள்களைப் பிரித்து எண்ணிடும் முறை பயன்படுத்துவார்க்கு எளிமை தருவது. ஆனால் எண்களுக்கு இடையே அறுந்துபோகும் நூலைப் படிப்பவரே மீண்டும் கோத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியாயின் பொலிவு என்று உரைத்த பழையோர் தவறினரா? அன்று. அவர் கூறியது பொருத்தமே. அவர் சொல்லின் பொருள்தான் நம்மிடத்தில் மாறிவிட்டது. பொலிதல் என்பதற்கு முதற்பொருள் மிகுதல், பெருகுதல். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். இனப்பெருக்கத்திற்கு என விடப்பட்ட காளை பொலிகாளை. இவ்விரண்டிலும் ஒளியென்னும் கருத்துக்கு இடமில்லை. ஐங்குறுநூற்றின் முதற்பாட்டு வாழ்த்தாகத் தொடங்குவது. அதில் நெல் பொலிதல் வேண்டும் என்றும், பொன் சிறத்தல் வேண்டும் என்றும் வேண்டப்படுகின்றன. பொலிதல் ஒளிர்தலாயின் அச்சொல் பொன்னுக்கன்றோ சென்றிருக்கும்? புலவர் அதனை நெல்லுக்கு ஆக்கினார். மிகுந்து கிடப்பது நெல், ஆகலின் பொலிவது நெல். மிகுதியிலிருந்து நிறைவும், நிறைவிலிருந்து அழகும், அழகிலிருந்து ஒளியுமாகப் பொலிவு என்னும் சொல் படிப்படியே நகர்ந்து வந்துள்ளது. கதிர் அறுக்கும் இயந்திரங்கள் களத்து வேலையைச் செய்யத் தொடங்கியபின், பொலி என்ற சொல்லும் அருகி வருகின்றது. அது முற்றும் மறையுமாயின், பொலிவின் முதற்பொருளுக்கு இருக்கும் வாழும் சான்றுகளுள் ஒன்று குறையும்.

இத்தகைய நகர்ச்சி தமிழுக்கே உரியதன்று. சுவீடிய மொழியில் அழகிய என்னும் பொருளுடைய ‘பாகெர்’ என்ற பண்புச்சொல் ஒன்று உண்டு. இன்று அது பேச்சில் பழமைப்பட்டு, பெரும்பாலும் பாட்டிலும் பழந்தொடரிலுமே நிற்கின்றது. அதற்கு இனமான கோதியமொழிச் சொல்லின் பொருள் தக்கது, ஏற்றது என்பதே. பயனால் தகுவது கண்ணுக்கு இனியது ஆயிற்று. அம்மொழியார் கோதியச் சான்றைக்கொண்டு தம் சொல்லின் பழம்பொருளைக் காண்கின்றனர். நமக்கோ நெற்களமும் மாட்டுத்தொழுவமும் அச்சான்றை இன்னும் வழங்குகின்றன. அயன்மொழிக்கு ஓட வேண்டிய தேவை இவ்விடத்தில் இல்லை.

இனிச் சொல்லின் பிறப்பு. மொழிப்பொருளுக்குக் காரணம் உண்டு, ஆனால் அது எல்லார்க்கும் விளங்கத் தோன்றுவதில்லை என்பது உரியியலிற் காணும் கருத்து. காரணமே இல்லை என்று ஆசிரியர் கூறவில்லை. பொம்மலைப் பொறுத்தவரை அக்காரணம் ஓரளவு விளங்கவே தோன்றுகின்றது என்பது என் கருத்து. தும்மு, விம்மு, இருமு, பொருமு என்னும் வினைகளினின்று தும்மல், விம்மல், இருமல், பொருமல் பிறக்கின்றன. பொம்மல் என்பதும் பொம்மு என்னும் அடியோடு அல் ஈறு சேர்ந்த தொழிற்பெயரே. இவ்வினைகள் யாவும் உடம்பில் நிகழும் எழுச்சிகளை அவற்றின் ஒலியாலும் மெய்ப்பாட்டாலும் காட்டுவன. வயிறு பொருமுதலும் நெஞ்சு விம்முதலும் உள்ளே அடைபட்ட ஒன்று புறத்தே தள்ளும் நிலை. பொம்மென என்னும் குறிப்புச்சொல்லும் இவ்வினத்தைச் சார்ந்ததே. பொங்கு என்பதனை இவற்றோடு வைத்துப் பார்க்கலாம். பொங்கியது பொங்கல் எனச் சோற்றுக்குப் பெயரானாற்போலப் பொம்மியது பொம்மல் எனச் சோற்றுக்குப் பெயராயிற்று. ஒன்று விழாவின் பெயராகி இன்றும் வாழ்கின்றது. மற்றொன்று நிகண்டுக்குள் ஒடுங்கிவிட்டது. சொற்களின் ஊழ் இவ்வாறும் அமைவதுண்டு.

பொம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தால் இதன் பிறப்பு விளங்கும். பகரத்திற்கு இதழ் இரண்டும் பொருந்துகின்றன. ஒகரத்திற்கு இதழ் குவிகின்றது. மகரத்திற்கு மீண்டும் பொருந்துகின்றன. மகரம் இரட்டிக்கும்போது பொருந்திய இதழ் சிறிது நேரம் திறவாமல் நிற்க, ஒலி வாயினுள்ளே நிறைந்து மூக்கின் வழியே வெளிப்படுகின்றது. வாய்தானே பூரித்துக் காட்டும் சொல் இது. இசையாற் பிறந்து, குறிப்பை உணர்த்தி, பண்பாய் நிலைத்தது என்று கூறின், தொல்காப்பியர் உரிச்சொல்லுக்குக் கூறிய மூன்று வழிகளும் இவ்வொரு சொல்லில் ஒருங்கே காணப்படும். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இத்தகைய குறிப்புச்சொற்களின் குடும்பங்கள் பலவுள. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக இவ்வகைச் சொற்கள் மிக்கிருத்தலை எமனோ 1969இல் தனிக்கட்டுரையாக எழுதி விளக்கினார். ஆயினும் ஒலிக்குறிப்பால் பிறந்த சொல் என்றவுடன் அதனைச் சிறுவர் மொழியென ஒதுக்கும் மனப்பான்மை நம் சொல்லாராய்ச்சியில் ஒருசாரார்க்கு உண்டு. சங்கப் புலவர்க்கு அம்மனப்பான்மை இருந்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் பொம்மபுரத்தோடு ஒரு தொடர்பு நேர்கின்றது. அது சொற்பிறப்பால் வந்த தொடர்பன்று. சிவப்பிரகாசர் இயற்றிய நூல்களுள் திருச்செந்தில் நீரோட்டக யமக அந்தாதி ஒன்று. நீரோட்டகம் என்பது இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாடும் செய்யுள். பகரம், மகரம், வகரம் அதில் வாரா. உகரமும் ஒகரமும் அவற்றின் நெடில்களும் வாரா. யமகத்தையும் அந்தாதித் தொடையையும் அதனோடு சேர்த்துக்கொண்டால் புலவர்க்கு எஞ்சும் சொற்பரப்பு எத்துணைக் குறுகியது என்பது யாப்பறிந்தார்க்கு விளங்கும். அந்நூலுள் பொம்மல் என்னும் சொல் நுழைய வழியே இல்லை. அச்சொல்லில் இதழ்படாத பகுதி ஈற்றிலுள்ள அல் மட்டுமே. தம் குருவின் ஊர்ப்பெயரையும் அப்புலவர் அதனுள் வைத்திருக்க முடியாது. பொம்மபுரம் என்பதில் ரகரம் ஒன்று ஒழிய ஏனைய மெய்யெல்லாம் இதழிற் பிறப்பன. ஊர்ப்பெயரும் உரிச்சொல்லும் பிறப்பால் வேறாயினும், வாய்க்குள் நிகழும் செயலால் ஒத்தன. செவியில் விழும் இவ்வொப்புமையே இரண்டையும் ஒன்றெனக் கருதச் செய்யும் மயக்கத்திற்குக் காரணம்.

பொம்மை என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தெலுங்கில் பொம்ம எனவும் கன்னடத்தில் பொம்பெ எனவும் இது வழங்குகின்றது. தமிழுக்குரிய பழஞ்சொல் பாவை. மெலிந்த முதலொலியே பொம்மை அயலினின்று வந்ததைக் காட்டும். திரட்டிச் செய்த உரு என்னும் கருத்தால் அதனையும் பொம்மல் என்பதன் இனமாக்க விரும்புவோர் உளராயின், வடபால் மொழிகளில் பூரித்தற்பொருளுடைய வினையடி ஒன்றை அவர் முதலில் காட்டுதல் வேண்டும். அதுகாறும் இரண்டையும் தனித்தனியே வைப்பதே முறை.

கூந்தலுக்கு வரும் அடைகளைத் தொகுத்துப் பார்ப்பினும் மேற்கூறிய பொருளே வலியுறும். நுதலுக்கும் தொடிக்கும் ஒள், வாள், சுடர் என்னும் ஒளிச்சொற்களைப் புலவர் தாராளமாக வழங்கினர். கூந்தலுக்கோ பல், இரு, தாழ், நெறி, மென் என்னும் அளவும் வடிவும் ஊறும் பற்றிய சொற்களையும், மணம் பற்றிய சொற்களையுமே மிகுதியும் வழங்கினர். நீலமணியை ஒத்த கூந்தல் என்னும் வழக்கும் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் அங்கே ஒளியைக் கூறுவது மணி என்னும் உவமை. கூந்தலின் அடை அன்று.

இப்பொருள் வேறுபாடு பாட்டின் சுவையை எவ்வளவு மாற்றும் என்பதற்குக் குறுந்தொகை 379ஆம் பாட்டு தக்க சான்று. தலைவியைப் பிறர் மணம்பேச வந்தபோது தோழி அறத்தொடு நிற்கும் துறை. குன்றத்தில் பழங்குழியை அகழ்ந்த கானவன் கிழங்கோடு பெரிய மணியையும் பெறும் நாட்டை உடையவன் ஒருவன். அறிவு முதிரும் பருவத்தில் எம் இல்லத்திற்கு நீ வருவாய் என்று சொல்லிப் பொம்மல் ஓதியை நீவினான். அவன் இன்று எங்குளனோ என்று தோழி வினவுகின்றாள். செவிலிக்கு அவள் உணர்த்த வேண்டுவது ஒரு செய்தியே: அவன் கை இவள் கூந்தலைத் தொட்டது. வேறு எதனையும் அவள் வெளிப்படக் கூறவில்லை. எனவே கூந்தலுக்கு இட்ட அடை பாட்டின் பொருட்சுமை முழுவதையும் தாங்குகின்றது. ஒளிரும் கூந்தல் என்று உரைப்பின், அது தொலைவில் நின்று கண்டவனும் சொல்லக்கூடிய ஒன்று. மெத்தெனப் பூரித்த கூந்தல் என்று உரைப்பின், கைவைத்தவனே அறிந்த ஒன்று. நீவுதல் என்னும் வினையும் எழுந்து நிற்பதை மெல்ல அழுத்திப் படியச் செய்வதுதானே.

அப்பாட்டில் அறிவு முதிர்தலுக்குப் புலவர் கூறிய சொல் காழ்க்கொள்ளுதல். காழ் என்பது மரத்தின் உள்வயிரம், விதையின் திண்மை. பின்னர் இறுகவேண்டிய அறிவு ஒருபுறமும், இறுகாத மென்மையோடு பூரித்திருக்கும் ஓதி ஒருபுறமுமாக இரண்டு சொற்கள் எதிர்நிற்கின்றன. அவன் சொல் எதிர்காலத்து வயிரத்தைப் பற்றியது. அவன் கை பட்டது அன்றைய மென்மையின்மேல். பொம்மலுக்கு வெறும் அழகு என்று பொருள்கொண்டால் இவ்வெதிர்நிலை தோன்றாது. காழ் தனித்து நின்று, ஓதி ஒரு வழக்கமான வருணனையாய்க் கழிந்துவிடும். இப்பாட்டுக்கு உரை காண்போர் ‘பொலிவு’ என எழுதுவதாயின், அதனை நெற்களத்துப் பொலியின் வழிப்பட்ட பொருளில் எழுதுகின்றோம் என்று ஒரு சொல் கூட்டி எழுதுதல் வேண்டும். அன்றேல் ‘பூரித்த’ என்றே எழுதிவிடலாம்.